மலையக லயன்களில் ட்ரிப் சுவிட்ச்

ட்ரிப் சுவிட்ச் என்பது மின் ஒழுக்கு ஏற்பட்டதும் தானாக விழுந்து வீட்டின் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி. விளக்கு, பிளக் முதலிய கிளைச் சுற்றுகளுக்குரிய சிறு பிரேக்கர்கள் இதற்குப் பின்னால் வரிசையாக அமையும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா தோட்டங்களில் மழைக்காலம் வந்தால் இது அடிக்கடி விழும்.

மலையகத்தில் மின்சாரம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் நகரங்களுக்குமே முதலில் வந்தது. ஓடைகளை மறித்து டர்பைன் சுழற்றி எந்திரங்களை ஓட்டிய தோட்டங்கள் பல. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகியவற்றின் நீர்வலுவைக் கணக்கிட்டு 1918இல் ஆய்வுரை வாசித்தார். 1924இல் தொடங்கிய லக்ஸபான நீர்மின் நிலைய வேலை இடையில் நின்றுபோய், 1950இல்தான் மின்சாரம் தந்தது. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் அதன் கோயில் இன்றும் வெளியே தெரியும். நாட்டுக்கே வெளிச்சம் அனுப்பிய இந்த மலைகளில், கொழுந்து பறித்தவர்களின் காம்பராக்கள் எனப்படும் லயன் அறைகளில் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இது பெரும் அநீதி.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து நிற்கும். தகரக் கூரையில் வியர்க்கும் நீர் சுவரில் வழியும். விறகடுப்புப் புகை மரச்சட்டங்களிலும் வயரிலும் கரியாய்ப் படியும். ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதையும் தின்றுவிடுகிறது.

ட்ரிப் சுவிட்ச் உள்ளே போகும் மின்னோட்டத்தையும் திரும்பிவரும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுமுன்பே, நொடியில் சிறு பகுதிக்குள் விழுந்துவிடும். அடிக்கடி விழுந்தால் கருவியைக் குறை சொல்வது வழக்கம்; பெரும்பாலும் அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. எல்லா பிரேக்கர்களையும் இறக்கி, ட்ரிப் சுவிட்சை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. அதிலுள்ள கேத்தல், ஹீட்டர், ரைஸ் குக்கர் ஆகியவற்றைக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி பிடிபடும். எல்லாம் இறக்கிய நிலையிலும் விழுந்தால், நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தோடு ஒட்டியிருக்கலாம். அதையும் சோதித்த பிறகே கருவி பழுது என்று முடிவு செய்யலாம்.

ட்ரிப் சுவிட்சை மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, அதே ஆம்பியர், அதே 30 மில்லிஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்த வேண்டும். மீட்டரிலிருந்து வரும் வயரில் அப்போதும் கரண்ட் இருக்கும். ஆகவே இது தகுதிபெற்ற எலக்ட்ரீசியன் செய்யவேண்டிய வேலை. திருகாணி தளர்ந்திருந்தால் இணைப்பு சூடேறிக் கருகும். முடிந்ததும் ‘டி’ என்ற பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் உடனே விழவேண்டும். சிறு பிரேக்கர் விழுகிறதென்று 1 சதுர மில்லிமீட்டர் வயர் ஓடும் விளக்குச் சுற்றில் 6 ஆம்பியருக்குப் பதில் 20 ஆம்பியர் போடுவது கொடிய தவறு: பிரேக்கர் விழுமுன் வயரின் உறை உருகக்கூடும். ட்ரிப் சுவிட்சை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்பதும் அவ்வாறே.

லயன் தீக்குக் குடியிருப்போர் இழுத்த வயரே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. ஆனால் கட்டடம் தோட்டத்துக்குரியது, வயரிங்கைப் புதுப்பிக்கும் பொறுப்பும் தோட்டத்தையே சேரும்.

2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் உள்ளிட்ட தனி வீட்டுத் திட்டங்களில் இந்தக் கூட்டுக் கூரை ஆபத்து இல்லை. ஆனாலும் லயன்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் ஏராளம்.