நான்கிலைச் சின்னம் கண்ட சிறுவர் சங்கங்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வெண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க நாட்டில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சில ஆசிரியர்கள் தொடங்கிய சிறுவர் சங்கங்கள் பின்னாளில் '4-எச்' என்னும் பெரும் இயக்கமாக வளர்ந்தன. தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் நான்கும் 'எச்' எழுத்தில் தொடங்குவதே இப்பெயர்க்குக் காரணமாகும். பிள்ளைகளின் வளர்ச்சியில் அக்கறை கொண்ட அன்பர்கள் இதன் வரலாற்றை அறிதல் நலம்.

1902ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஏ.பி. கிரகாம் சுமார் 85 சிறுவர் சிறுமியரை அரசாங்கக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் ஒன்றுகூட்டினார். லிட்மஸ் தாளைக் கொண்டு தம் வீட்டு நிலத்தின் புளிப்புத் தன்மையைச் சோதிக்கவும், தேர்ந்த மக்காச்சோள விதையை விதைத்து விளைச்சலைக் கணக்கிடவும் அவர்கள் பழகினர். படித்த பிள்ளை பட்டணம் போவதே வழக்கமாகியிருந்த அக்காலத்தில், வயலையே வகுப்பறையாக்கிய இம்முயற்சி புதுமையானது.

தென் மாநிலங்களில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. காய்வண்டு பருத்தியை அழித்துவந்தது. கல்லூரி அறிஞர் கூறிய புதுமுறைகளை உழவர்களோ எளிதில் நம்பவில்லை. கண்ணால் கண்டு, கையால் செய்தாலன்றி உழவன் மாறான் என உணர்ந்தவர் சீமன் நாப். தந்தையர் தயங்கிய இடத்தில் மைந்தர் துணிந்தனர். 1907இல் மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் ஸ்மித் மக்காச்சோளச் சங்கம் அமைத்தார். 1910இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்னும் சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் விளைவித்தான். அப்பகுதியில் ஏக்கருக்கு 20 புஷல் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது! அண்டை வீட்டு உழவர் வேலியோரம் வந்து நின்று பார்த்திருக்கமாட்டார்களா என்ன?

அதே ஆண்டில் அதே மாநிலத்து ஏக்கன் மாவட்டத்தில், மேரி குரோமர் என்னும் ஆசிரியை சிறுமியர்க்கெனத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஒவ்வொருத்திக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். பயிரிடுதல், பறித்தல், தகரக் குவளையில் அடைத்தல், விற்றல் யாவும் அவள் பொறுப்பு. வரவு செலவு எழுதுவதும் அவளே. பெண்பிள்ளை தன் உழைப்பால் பெற்ற பணத்தைத் தன் பெயரில் எண்ணிப் பார்த்தாள் என்பதே இதில் பெரிய செய்தி என எமக்குத் தோன்றுகிறது. இது சோளச் சங்கத்தின் சாதனையினும் சிறிதன்று.

அயோவா மாநில ஆசிரியை ஜெஸ்ஸி பீல்டு தம் மாணவர்க்கு வழங்கிய மூன்றிலைச் சின்னம் நான்கிலையாக வளர்ந்தது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் அரசு வேளாண் கல்லூரிகளின் வாயிலாக இப்பணிக்கு நிலையான நிதி அளித்தது.

ஆயினும் அந்நிதி யாவர்க்கும் சமமாகச் சென்றதில்லை. தென் மாநிலங்களில் அது வெள்ளையர் கல்லூரிகளின் கையிலேயே தங்கியது. கறுப்பினப் பிள்ளைகளின் சங்கங்கள் தனியே இயங்கின. அவற்றை நடத்திய கறுப்பின அலுவலர் குறைந்த ஊதியத்தில் நெடுந்தொலைவு சுற்றி உழைத்தனர். 1906இல் டஸ்கீகி கல்லூரியிலிருந்து கருவிகள் ஏற்றிய வண்டியுடன் புறப்பட்ட தாமஸ் கேம்பல் அவர்களுள் முன்னோடியாவார். 1927இல் வாஷிங்டனில் தேசிய முகாம் தொடங்கியபோதும் தென்னகக் கறுப்பினச் சிறார்க்கு அங்கு இடமில்லை. 1948இல்தான் அவர்க்கென வேறு முகாம் ஏற்பட்டது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திற்குப் பின் சங்கங்கள் சட்டப்படி ஒன்றாயின. ஆனால் அவ்விணைப்பில் பல கறுப்பின அலுவலர் தம் தலைமைப் பொறுப்பை இழந்தனர். கையால் உழைத்துக் கற்பதைப் பறைசாற்றிய இயக்கம் இதனைத் தன் வரலாற்றிலிருந்து நீக்கிவிட இயலாது.

போருக்குப் பின் இம்முறை கடல் கடந்தது. 1947இல் கொரியாவிலும், 1952இல் தைவானிலும் இச்சங்கங்கள் அமைந்தன. 1927இல் ஏற்கப்பட்ட உறுதிமொழியில் சங்கம், சமூகம், நாடு ஆகியவற்றோடு 1973இல் 'உலகம்' என்பதும் சேர்க்கப்பட்டது. இன்று அமெரிக்க நகரப் பிள்ளைகள் இயந்திர மனிதனையும் சிறு ராக்கெட்டையும் தம் சங்கத்தில் செய்கின்றனர். செய்தது என்ன, செலவு என்ன, தவறியது எங்கே என ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்படக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் மட்டும் சோளச் சங்க நாள் முதல் மாறவில்லை.