கோலார் தங்கச் சுரங்கங்களில் பாறை வெடிப்பு

கோலார் தங்கச் சுரங்கப் பாறை வெடிப்புகள் என்பவை, மைசூர் சமஸ்தானத்தில் (இன்றைய கர்நாடகம்) இருந்த ஆழமான தங்கச் சுரங்கங்களில், அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென உடைந்து சிதறிய நிகழ்வுகள் ஆகும். தொடக்ககாலச் சுரங்க அதிகாரிகள் இவற்றை 'ஏர் பிளாஸ்ட்' என அழைத்தனர். இவற்றுக்கு வாயுவோ வெடிமருந்தோ நேரடிக் காரணம் அன்று. பாறைக்குள் தேங்கியிருந்த ஆற்றல் ஒரே நொடியில் வெளிப்பட்டதே காரணம். சுரங்கம் ஆழமாகச் செல்லச் செல்ல இந்த ஆபத்தும் கூடியது.

பின்னணி

1880களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனம் கோலாரில் பெருமளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை முக்கியச் சுரங்கங்கள். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. தங்கம் தாங்கிய பாறைப்படிவம் சரிவாகக் கீழ்நோக்கிச் சென்றதால் சுரங்கங்களும் அதைப் பின்தொடர்ந்தன. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றானது.

ஆபத்துக் காரணிகள்

முதற்காரணி ஆழம். மேலே உள்ள பாறையின் எடை, தோண்டிய வெற்றிடத்தின் ஓரங்களில் குவிந்தது. இரண்டாவது, பாறையின் தன்மை. கோலாரின் கடினமான பாறை சிறிது சிறிதாக நெகிழாமல், தாங்கும் எல்லை வரை தாங்கிப் பின் சட்டென உடைந்தது. மூன்றாவது, நிலப்பிளவுகளும் பாறை மடிப்புகளும். இவற்றின் அருகே தோண்டுவது கூடுதல் ஆபத்தாக இருந்தது. நான்காவது, தோண்டும் முறை. தாங்குதலுக்காக இடையிடையே விடப்பட்ட பாறைத் தூண்கள், சுற்றிலும் தங்கம் எடுக்கப்பட்ட பின் முழு அழுத்தத்தையும் சுமந்து தாமே வெடித்தன.

பாதிக்கப்பட்டோர்

நிலத்தடித் தொழிலாளர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். வட ஆற்காடு, சித்தூர் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த தலித் மக்கள் அவர்களுள் மிகுதி. பலர் ஒப்பந்தக்காரர்கள் வழியே வேலைக்கு அமர்த்தப்பட்டனர். மேற்பார்வைப் பணிகள் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வசம் இருந்தன. துளையிடுவோரும் உடைந்த கல்லை அள்ளுவோரும் பாறை முகப்பிலேயே நேரத்தைக் கழித்ததால், வெடிப்பின் முதல் அடி அவர்கள் மீதே விழுந்தது. நெரிந்த பாதைகள் மீட்புப் பணியையும் கடினமாக்கின. இதே தொழிலாளர்கள் கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோய்க்கும் ஆளாயினர்.

ஆய்வும் தடுப்பும்

மைசூர் நிலவியல் துறையின் டபிள்யூ. எஃப். ஸ்மீத், கோலாரின் இந்த வெடிப்புகளையும் அதிர்வுகளையும் பற்றி 1904இலேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். ஆபத்து அறியப்பட்ட பின்னும் தங்கத்தின் மதிப்பு சுரங்கங்களை மேலும் கீழே கொண்டு சென்றது. ஆகவே தோண்டுவதைக் குறைப்பதைவிட, தாங்குதலை வலுப்படுத்துவதே வழியாயிற்று. தொடக்கத்தில் மரத்தாங்கிகள் பயன்பட்டன. பின்னர் வெற்றிடங்களில் கருங்கல் சுவர்கள் எழுப்பப்பட்டன. அதன்பின் கான்கிரீட் நிரப்பப்பட்டது. தனித்தூண்கள் மிஞ்சாதபடி தோண்டும் வரிசையும் மாற்றப்பட்டது. பிற்காலத்தில் நில அதிர்வுக் கருவிகள் மூலம் வெடிப்பு நிகழும் இடங்கள் கணிக்கப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் கோலார் தங்கவயலில் அமைந்தது. இம்முயற்சிகள் ஆபத்தைக் குறைத்தனவே தவிர நீக்கவில்லை.

மூடலுக்குப் பின்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை நடுவண் அரசிடம் சென்று, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்கின. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. கைவிடப்பட்ட குழிகளில் நீர் நிரம்பியபோதும் நிலத்தடியில் பாறை வெடிப்புகள் தொடர்ந்து பதிவாயின. தொழிலாளர்கள் வெளியேறிய பின்னும், நூறாண்டுகளுக்கு மேலாகத் தோண்டியதால் குலைந்த அழுத்தச் சமநிலை நிலத்தடியில் சீராகவில்லை என்பதையே இது காட்டுகிறது.