சுனாமி (ஆழிப்பேரலை)

கடலடித் தரை திடீரென உயர்வதாலோ தாழ்வதாலோ எழும் அலைத்தொடர். காற்று கிளப்பும் அலை மேற்பரப்போடு நின்றுவிடும். சுனாமியிலோ அடி முதல் மேல்வரை நீர் முழுதும் அசைகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவுக்கு மேற்கே, இந்தியத் தட்டு பர்மா தட்டின் அடியில் செருகும் விளிம்பு ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு முறிந்தது. மேலிருந்த பர்மா தட்டின் மேற்கு விளிம்பு எழ, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. கிழக்கே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியதும், மேற்கே இலங்கையில் முதலில் நீர் ஏறியதும் இதனால்தான். எனவே, கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம் என்று காத்திருப்பது ஆபத்து.

4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமியின் வேகம் மணிக்குச் சுமார் 700 கி.மீ. ஆனாலும் 2004-இல் அந்த முறிவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலைக் கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த உயரம் ஏறத்தாழ 60 செ.மீ.தான், ஆழ்கடல் படகுகளுக்கு அது தெரியவே தெரியாது. கரையருகே ஆழம் குறைய, வேகம் தணிந்து அலை உயர்கிறது.