பாட்டுக்கு நிலமும் பொழுதும் இருந்த காலம்

அகப்பாட்டின் உறுப்புகளை வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, மரம், புள், பறை, யாழ் முதலியவற்றைக் கருப்பொருளில் அடக்கினார். புணர்தலும் பிரிதலும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் உரிப்பொருள் ஆயின. பாடலில் சிறந்தது உரிப்பொருளே என்றாலும், எண்ணிச் சொல்லும்போது முதலில் நிற்பவை நிலமும் பொழுதுமே. உணர்ச்சி எவ்வளவு உயர்ந்ததாயினும் அது நிற்பதற்கு ஓர் இடமும் நிகழ்வதற்கு ஒரு வேளையும் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

திரைப்பாட்டைப் பற்றிப் பேச வந்தவர்க்கு இந்த இலக்கணம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தமிழர் வாழ்வில் திரைப்பாட்டு நுழைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரை அதற்கும் ஒரு நிலமும் பொழுதும் இருந்தன. இன்ன பாட்டை இன்ன இடத்தில், இன்ன வேளையில்தான் கேட்க முடியும் என்ற நிலை இருந்தது. பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், படம் எடுத்தவர் ஆகியோரின் வரலாறுகள் நூல்களாக வந்திருக்கின்றன. கேட்டவர்களின் வரலாறுதான் இன்னும் எழுதப்படவில்லை. கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழியில் இது ஒரு குறையே.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1905 அளவில் சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவியோடு ஊர் ஊராகச் சென்றபோது படங்களுக்குக் குரல் இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் டி.பி.ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ சென்னையில் திரையிடப்பட்டது. படம் பேசத் தொடங்கியது என்பதைவிடப் பாடத் தொடங்கியது என்பதே பொருத்தம். தொடக்க காலப் பேசும் படங்கள் நாடக மேடையின் வழிவந்தவை; உரையாடலுக்கு நிகராக, சில வேளைகளில் அதற்கு மேலாகவும், பாட்டுகள் நிறைந்திருந்தன. நடிப்பவரே பாடவும் வேண்டும். பின்னணிப் பாட்டு முறை 1938இல் ஏவி.மெய்யப்பச் செட்டியாரின் ‘நந்தகுமார்’ படத்தோடுதான் தமிழுக்கு வந்தது.

அன்று அந்தப் பாட்டுகளைக் கேட்க வேண்டுமென்றால் கொட்டகைக்குத்தான் போகவேண்டும். இசைத்தட்டு இருந்தது, ஆனால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடிய அத்தட்டும் அதைச் சுழற்றும் கிராமபோன் பெட்டியும் வசதி படைத்தோர் வீட்டுப் பொருள்கள். எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பர். அந்த வெற்றியைப் பாகவதரின் குரல் வளத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. அந்தக் குரல் வேறெங்கும் எளிதில் கிடைக்காது என்பதும் ஒரு காரணம். மீண்டும் கேட்க விரும்பியவர் மீண்டும் சீட்டு வாங்கினார்.

கொட்டகையை விட்டு வெளியே வரும்போது ஏழை எளியவர் கையோடு கொண்டுவந்தது பாட்டுப் புத்தகம். மலிவான தாளில் அச்சிட்ட சில பக்கங்கள். முகப்பில் நாயகன் நாயகி படம். உள்ளே நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாட்டுகள். கதை உச்சத்தை எட்டும் இடத்தில் “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடித்திருப்பார்கள். ராகமும் தாளமும் குறித்த புத்தகங்களும் உண்டு. மெட்டை நினைவில் ஏந்தி வந்து, சொல்லை அச்சில் பார்த்து, இரண்டையும் வீட்டுத் திண்ணையில் பொருத்திக்கொண்டார்கள். புத்தகம் வாங்கக் காசில்லாதவர் கடன் வாங்கிக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பலருக்கு இச்சிறு புத்தகம் இரண்டாவது பாடநூலாக இருந்தது எனலாம்.

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவர்களிடம், வீட்டு மூத்தோர் தாம் முதலில் பாட்டுக் கேட்ட இடத்தைக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். ஒரு மாணவி தம் பாட்டியின் நோட்டையே கொண்டுவந்தார். மளிகைக் கணக்கு எழுதிய நோட்டு. பின் பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பினால் பாட்டுகள். பருப்பும் புளியும் முன்னிருந்து வர, பாட்டுகள் பின்னிருந்து வர, இரண்டும் நடுப்பக்கத்தில் சந்தித்திருந்தன. சில சொற்கள் அச்சில் உள்ளபடி இல்லை. காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருந்தன. பாட வேறுபாடு பற்றி ஒரு பருவம் முழுதும் நாம் நடத்திய பாடத்தை அந்த நோட்டு ஒரே நொடியில் விளக்கிவிட்டது. வாய்மொழியும் ஏடும் ஒன்றையொன்று திருத்தியும் திரித்தும் வளரும் கதை சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை.

கொட்டகை என்னும் நிலத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தமிழர் அனைவரும் சாதி கடந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று பேராசிரியர் கா.சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். இருக்கையை முடிவு செய்தது பிறப்பன்று, கையிலிருந்த காசு. தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் பிரிவுகள் ஏற்றத்தாழ்வு அற்றவை அல்ல. ஆயினும் கோயிலின் உட்பிராகாரத்தில் இசை கேட்க முடியாதவர் தரை டிக்கெட்டில் அமர்ந்து அதே ராகங்களைக் கேட்டார். இது சிறிய மாற்றமன்று.

கொட்டகையின் உச்சியில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி இன்னும் ஒரு படி மேலே சென்றது. டூரிங் டாக்கீஸில் மாலைக்காட்சிக்கு முன்னர் ரிக்கார்டு போடுவார்கள். பக்திப் பாட்டில் தொடங்கி, வழக்கமான வரிசையில் சில பாட்டுகள் ஒலித்து, இன்ன பாட்டு வந்தால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். சோறு வடிக்கும் கை விரையும். மாடு கட்டப்போனவர் ஓட்டமாக வருவார். ஊரும் சேரியும் தனித்தனியே இருந்தன. ஒரு தெருவுக்குள் செருப்போடு நடக்க முடியாத மனிதர் இருந்தார். பாட்டு மட்டும் எல்லாத் தெருவுக்குள்ளும் தடையின்றிப் போய்வந்தது. அந்த முரணை உணர்ந்தவர்களும் அக்காலத்தில் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதி வைக்க வாய்ப்பில்லாமற் போயிற்று.

இனிப் பொழுது. அதைக் கொண்டுவந்தது வானொலி. சென்னையில் 1924இல் வானொலிக் கழகம் தோன்றியது. 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. வீட்டில் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டும். பெட்டி இல்லாதோர்க்குப் பஞ்சாயத்து ரேடியோ. திடலிலோ மன்றத்திலோ அது மாலையில் பாடும். வேளை முடிந்ததும் ஆள் வந்து நிறுத்திவிடுவார். பாட்டு நடுவில் நின்றாலும் கேட்க நாதியில்லை.

1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் திரையிசையை மலினமானது எனக் கருதியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு பெரிதும் சுருங்கியது. செவ்வியல் இசையால் மக்களின் செவியைப் பண்படுத்தலாம் என்பது எண்ணம். மக்களோ முள்ளைக் கடலுக்கு அப்பால் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையினருக்காக நிறுவிய ஆற்றல்மிக்க கருவிகளைப் பெற்றிருந்த இலங்கை வானொலி அவர்களுக்குப் பாட்டைத் தந்தது. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழகத்துச் சிற்றூர்களில் வீட்டு மனிதர் குரல்களாயின. ஒரு படத்துப் பாட்டை ஒலிபரப்புமுன் அதைப் பற்றிச் சொல்லும் இரண்டு வாக்கியங்களில் தமிழை எவ்வளவு துலக்கமாக ஒலிக்க முடியும் என்பதை அவர்களிடமே பலரும் கற்றனர். கேட்போரின் நெருக்குதலை உணர்ந்தே அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3 அன்று விவிதபாரதியைத் தொடங்கியது.

வானொலி பாட்டைக் கொட்டகையிலிருந்து விடுவித்துக் கடிகாரத்தோடு கட்டியது. காலையில் இன்ன பாட்டு முடிவதற்குள் பள்ளிக்குக் கிளம்பவேண்டும். ஞாயிறு பிற்பகல் ஒலிச்சித்திரம் தொடங்குமுன் சாப்பாட்டை முடிக்கவேண்டும். வீட்டுப் பெண்களின் வேலைநாள் பாட்டுகளால் அளக்கப்பட்டது. ‘திருவிளையாடல்’ (1965) வசனத்தைப் படம் பாராமலே முழுதும் ஒப்பித்தவர்கள் நம் இளமைக் காலத்திலும் இருந்தார்கள்.

‘நேயர் விருப்பம்’ இப்பொழுதுக்கு ஒரு பெயரைச் சேர்த்தது. தபால் அட்டையில் பாட்டையும் தம் பெயரையும் ஊரையும் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பாட்டுக்கு முன் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலே பாட்டைவிட முக்கியமாயிருந்த வீடுகள் உண்டு. அரசு ஆவணத்தில் வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் இடம்பெறாத ஒரு பெயர், ஒரு நாள் காற்றில் உரக்க ஒலித்தது. இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நேயர்கள் எழுதிய கதைகளைப் பாட்டுகளோடு கோத்து வழங்கியது. தம் வாழ்வின் சிறு துயரங்களைத் திரைப்பாட்டின் துணையோடு சொல்லிப் பார்க்கும் வழக்கத்தை எளிய மக்கள் இங்கே பழகினர். பாட்டும் படமும் அன்றாட வாழ்வும் கலந்த குறிப்புகளை இன்று நாம் எழுதும்போது, அந்த அட்டைகளையும் கடிதங்களையும் எழுதியவர்களுக்குப் பின்னால்தான் நடக்கிறோம்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலையின் ‘ஒளியும் ஒலியும்’ நிலத்தையும் பொழுதையும் ஒன்றாக்கியது. பெட்டி இருந்த ஒரு வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியது. அக்கூடத்தில் யார் நாற்காலியில், யார் தரையில், யார் சன்னலுக்கு வெளியே என்பதும் சேர்ந்ததே அந்த வரலாறு.

கேசட் முதலில் பொழுதை அவிழ்த்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இச்சிறு நாடா 1980களில் நம் ஊர்களை நிறைத்தது. ‘அன்னக்கிளி’ (1976) தொடங்கி வந்த இளையராஜாவின் பாட்டுகளைத் தாளில் பட்டியலிட்டுக் கடையில் கொடுத்தால் அறுபது நிமிடத்திலோ தொண்ணூறு நிமிடத்திலோ அடக்கிப் பதிந்து தருவார்கள். பாட்டு முதன்முறையாகச் சாமானியரின் உடைமையாயிற்று. ஆயினும் வரிசை இருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் ஒலி தானே மனத்தில் எழும். நாடா சிக்கினால் பென்சில் செருகிச் சுற்றவேண்டும். பின்னர் குறுந்தட்டும் கைப்பேசியும் வந்தன. இன்று எந்தப் பாட்டும் எந்த இடத்திலும் எந்த நொடியிலும் கிடைக்கிறது. நிலமும் பொழுதும் நீங்கி உரிப்பொருள் மட்டும் எஞ்சியிருக்கிறது.

பழையதெல்லாம் பொன் என்பது நம் கருத்தன்று. காத்திருத்தல் என்று நாம் இனிக்கச் சொல்வது பலருக்கு இல்லாமை. இரண்டாம் ஆட்டத்துக்கு அனுப்பப்படாத பெண்ணும் கூடத்துக்குள் விடப்படாத சிறுவனும் இன்றைய வசதியைப் பார்த்து மகிழவே செய்வார்கள். நம் கவலை வேறு. தனக்கென்று இடமும் வேளையும் இருந்ததால் அந்தப் பாட்டு பலர்க்கும் பொதுவான நினைவாக நின்றது. காதுக்குள் செருகிய கருவியில் தனியே கேட்கும் பாட்டு இனிமையில் குறைந்ததன்று. ஆனால் அதைக் கேட்டதற்குச் சாட்சி இல்லை.

பொதுவான நினைவு இருந்த காலத்துக்கும் சாட்சிகள் குறைந்து வருகின்றன. கொட்டகையும் பஞ்சாயத்து ரேடியோவும் அறிந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். பாட்டுப் புத்தகமும் வானொலி உரிமச் சுவடியும் கேசட் பட்டியலும் மளிகைக் கணக்கு நோட்டும் பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போகின்றன. ஓலைச்சுவடிகள் அடுப்புக்கும் ஆற்றுக்கும் போன கதையைப் படித்து வருந்தும் நாம், நம் வீட்டுப் பரணில் நடப்பதைக் கவனிப்பதில்லை.

புறநானூற்றில் நள்ளியைப் பாடிய வன்பரணரின் பாட்டு ஒன்று உண்டு. காலைக்கு மருதம், மாலைக்குச் செவ்வழி என்பது மரபு. நள்ளியின் கொடையால் வறுமை நீங்கிய பாணர் அந்த முறையை மறந்து, மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் இசைத்தனர் என்று அவர் சொல்கிறார். வள்ளலுக்கு அது புகழ். ஆனால் பாணர் மறந்த முறை இன்னதென்று இன்றும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், மறதியையும் ஒருவர் பதிந்து வைத்ததே. பாட்டு வகையில் நாமும் வறுமை நீங்கியவர்களே. நிலத்தையும் பொழுதையும் மறந்தது பிழையன்று. மறந்ததை எழுதி வைக்காமல் விடுவதே இழப்பு. உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ பிடித்த பாட்டு எது என்று கேட்காதீர்கள். அதை எங்கே நின்று, எந்த வேளையில், யாரோடு கேட்டார்கள் என்று கேளுங்கள். சொன்னதை நாளும் ஊரும் இட்டு எழுதி வையுங்கள்.