கூரையும் முகவரியும்: கம்பம் பள்ளத்தாக்கில் வீடற்றோரை அரசு எதிர்கொண்ட வரலாறு

முன்னுரை

கூடலூரைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப் இருக்கிறது. கட்டுமான வேலைக்கு வந்தவர்கள் தங்கிய முகாம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. வேலை தேடி வந்தவர்களுக்குத் தற்காலிகக் கூரை போட்டுக் கொடுத்ததும், வேலை முடிந்ததும் அதைப் பிரித்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கதை. நகரங்களில் வீடற்றோர் பெருகுவது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சென்னை, மும்பை, டெல்லி ஆகிய பெருநகரங்களையே பார்க்கின்றன. தேனி, போடி, கம்பம் போன்ற நடுத்தர ஊர்களுக்கு இந்தச் சிக்கல் எப்படி வந்தது, அரசு அதை என்ன பெயரிட்டுக் கையாண்டது என்பதை இக்கட்டுரை 1880களிலிருந்து தொடர்ந்து பார்க்கிறது. ஒவ்வொரு காலத்திலும் அரசின் கருவி மாறியிருக்கிறது. ஆனால் ஒருவரை முதலில் ஓரிடத்தில் நிறுத்தி, பிறகே அவரைக் கணக்கில் எடுக்கும் வழக்கம் மாறவில்லை என்பது இதன் வாதம்.

1. சத்திரத்திலிருந்து முகாமுக்கு

வழிப்போக்கருக்குப் படுக்க இடம் கொடுப்பது பழைய மதுரைச் சீமையில் அறமாகக் கருதப்பட்டது. ராணி மங்கம்மாள் பெயரிலான சத்திரம் இன்றும் மதுரை ரயில் நிலையத்தின் எதிரே நிற்கிறது. ஊர்களில் சாவடியும் திண்ணையும் அந்த வேலையைச் செய்தன. வந்தவர் யார் என்று கேட்பார்கள்; எத்தனை நாள் என்று பொதுவாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் சாதி பார்த்தே திண்ணை கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தச் சித்திரம் முழுமை பெறும்.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே பெரியாறு அணைக்கான 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் அணை வேலை தொடங்கியது. ஆள் நடமாட்டமில்லாத காட்டில் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் குடிசை போட்டுத் தங்கினார்கள். மலைக்காய்ச்சலும் வெள்ளமும் அவர்களை விடவில்லை. இறந்தவர்களின் கல்லறைகள் அணைப் பகுதியில் உள்ளன. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. வேலை கொடுத்தவரே கூரையும் கொடுப்பார், வேலை முடிந்தால் கூரையும் போகும் என்ற ஏற்பாடு பள்ளத்தாக்கில் இப்படித்தான் பெரிய அளவில் அறிமுகமானது.

அணை தந்த நீர் அந்த ஏற்பாட்டை வயலுக்கும் கொண்டுவந்தது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளைந்த கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வெளியூர் ஆள் தேவைப்பட்டது. மானாவாரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் களத்துமேட்டிலும் வாய்க்கால் கரையிலும் தங்கினார்கள். அறுப்பு முடிந்தும் ஊர் திரும்பாதவர்களின் குடிசைகளே பிறகு தெருக்களாயின.

2. "ராத்திரி எங்கே படுத்தாய்?"

அலைந்து பிழைப்பவரைக் காலனிய அரசு சந்தேகத்தோடு பார்த்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டு, சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் இதற்குள் கொண்டுவரப்பட்டனர். இச்சட்டம் மதுரை, தேனிப் பகுதிகளில் 'ரேகைச் சட்டம்' என்றே நினைவில் இருக்கிறது. வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் காவலர் முன் ஆஜராக வேண்டும். ஊர் மாறினால் தெரிவிக்க வேண்டும். பல ஊர்களில் இரவு முழுக்கச் சாவடியிலோ காவல் நிலையத்திலோ படுத்தாக வேண்டிய நிலை இருந்தது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு தேவைப்பட்டது. வழிப்போக்கர் படுத்த சாவடியே இப்போது காவல் கொட்டடியாக மாறியது.

ரேகை பதிய மறுத்து உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். அதன் பிறகு பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், விவசாயக் குடியேற்றங்கள் வழியாகக் கள்ளர் சீரமைப்பு என்ற நலத்திட்டம் விரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. இதில் தண்டனையும் நலமும் கைகோத்தே வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நிலமும் பள்ளியும் கிடைத்தன. ஆனால் ஓரிடத்தில் பெயர் பதிந்தவருக்கே கிடைத்தன. சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது. ஓரிடத்தில் இருப்பவரே நம்பத்தக்கவர் என்ற நிர்வாக மனப்பாங்கு அதனோடு போய்விடவில்லை.

3. புறம்போக்கும் பி மெமோவும்

கூரையில்லாதவர் எங்காவது கூரை போட்டுத்தான் ஆக வேண்டும். பட்டா நிலம் பிறருடையது, மிச்சம் புறம்போக்கு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் குடியிருப்பவருக்கு வருவாய்த் துறை அபராதத் தீர்வை விதிக்கும். அதற்கான சீட்டே பி மெமோ. காலி செய்யவைப்பதற்காக ஏற்பட்ட இந்தச் சீட்டு கீழ்த்தட்டு மக்கள் கையில் நேர்மாறான பொருளைப் பெற்றது. வாய்க்கால் கரைக் குடிசையில் தகரப் பெட்டியைத் திறந்தால் ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, அவற்றோடு மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிய பி மெமோ ரசீதுகளும் இருக்கும். "இத்தனை வருஷமா தெண்டம் கட்டுறோம், எங்களுக்குப் பட்டா குடுங்க" என்பதே மனுவின் சாரம். குற்றத்துக்கான ரசீதைக் குடியிருப்புக்கான சான்றாக மக்கள் ஆக்கிக்கொண்டார்கள்.

அரசும் பாதி வழி இறங்கிவந்தது. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையையே உரிமையாக்கியது; நிலக்காரர் கோபித்தால் வீடும் போய்விடும் என்ற பயத்தைச் சட்ட அளவில் அது நீக்கியது. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற நெல் வட்டாரத்துக்கு இது குடிசை மாற்று வாரியத்தைவிட நெருக்கமான சட்டம்.

இருப்பினும் வருவாய்த் துறை புறம்போக்கை இரண்டாகப் பிரித்தது. ஆட்சேபணையற்ற புறம்போக்கில் இருப்பவருக்குப் பட்டா வர வழியுண்டு. ஆறு, கண்மாய், வாய்க்கால், சாலை ஓரம் ஆகியவை ஆட்சேபணைக்குரியவை. அங்கே எத்தனை ஆண்டு இருந்தாலும் பட்டா கிடையாது. 2007ஆம் ஆண்டின் கண்மாய்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவினையை இறுக்கியது. பள்ளத்தாக்கில் பாசனம் எங்கெல்லாம் பாய்கிறதோ அங்கெல்லாம் வேலை. வேலைக்கு வந்தவர் குடிசை போட்டதும் அதே நீர்க்கரையில். எனவே வேலைக்குப் பக்கத்தில் இருந்தவரே பட்டாவுக்குத் தூரமானார்.

4. லயத்துக் கூரை

கம்பம் பள்ளத்தாக்கில் வீடற்ற நிலை தனி வடிவம் எடுப்பது ஏலத்தோட்டங்களில்தான். 1956இன் மொழிவழி மாநிலப் பிரிப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன; அங்கு வேலை செய்யும் கைகள் தமிழகத்தில் நின்றன. விடியுமுன் கம்பம், தேவாரம், போடித் தெருக்களில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் அதில் நெருக்கியடித்து ஏறுவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறிப் பொழுது சாயத் திரும்புவார்கள். தினமும் இறங்க முடியாதவர்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்குகிறார்கள். லயம் தோட்டத்தின் சொத்து. உடம்பு தளர்ந்து வேலை நின்றால் அந்தக் கூரையும் நிற்காது. முப்பது வருடம் மலையில் இருந்துவிட்டு இறங்குபவருக்கு அடிவாரத்தில் மனையும் இல்லை, பி மெமோவும் இல்லை.

நெருக்கடிகளில் இது வெளிப்பட்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்துக் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே பதற்றம் முற்றியபோது இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் காட்டுப்பாதை வழியே நடந்து தேனி மாவட்டத்துக்கு வந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சோதனைச் சாவடிகள் மூடப்பட்டதும் வேலை ஒரு மாநிலத்திலும் வீடு ஒரு மாநிலத்திலுமாக அறுந்து நின்றது. இரண்டையும் அரசு 'அவசர நிலை' என்றே கையாண்டது. அவசரம் தீர்ந்ததும் ஜீப் மறுபடி ஓடியது. கூரைக் கேள்வி அப்படியே விடப்பட்டது.

5. லட்சத்துக்கு ஒன்று

2009 டிசம்பர் குளிரில் டெல்லியில் ஒரு தற்காலிகக் காப்பகம் இடிக்கப்பட்டது. உணவுரிமை வழக்கை விசாரித்துவந்த உச்ச நீதிமன்றம் 2010இல் இதில் தலையிட்டது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவுகோல் நிலைபெற்றது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது: ஒவ்வொன்றிலும் 100 பேர் தங்கலாம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி. திட்டம் முதலில் மாவட்டத் தலைநகரங்களையும் லட்சம் மக்கள்தொகை உள்ள நகரங்களையும் எடுத்துக்கொண்டது.

2011 கணக்கெடுப்பில் தேனி-அல்லிநகரத்தின் மக்கள்தொகை 94,453. போடி 75,675; கம்பம் 68,090. மாவட்டத்தின் ஆறு நகராட்சிகளில் ஒன்றும் லட்சத்தைத் தொடவில்லை. தலைநகரம் என்பதால் தேனிக்கு இடம் கிடைத்தது. ஜீப்புகள் புறப்படும் கம்பமும் போடியும் பின்வரிசைக்குப் போயின. குடியிருப்போரின் எண்ணிக்கையை வைத்து வந்து போவோரின் தேவையை அளந்ததன் விளைவு இது.

எண்ணிய முறையிலும் இதே சிக்கல் உண்டு. கூரையுள்ள அமைப்பில் வசிக்காமல் சாலையோரம், குழாய்கள், பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நடைமேடை போன்ற இடங்களில் இருப்பவரே கணக்கெடுப்பின்படி வீடற்றவர். இவர்களை 2011 பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். 2001ஐவிட மொத்தம் குறைவு, ஆனால் நகரங்களில் 7.8 லட்சம் 9.4 லட்சமாக ஏறியது. அந்த இரவில் லயத்தில் தூங்கியவர் இந்த வரையறைப்படி வீடுள்ளவர். அதுவும் கேரளக் கணக்கில். பேருந்து நிலைய ஓரத்தில் டேரா போட்டிருந்த நரிக்குறவர் குடும்பம் மறுநாள் இன்னொரு ஊரில் இருந்திருக்கும்.

இவ்வூர்களுக்கு வெளியாரைத் தங்கவைக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கார்த்திகை, மார்கழியில் குமுளிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களுக்கு அன்னதானப் பந்தலும் படுக்க மண்டபமும் தயாராகின்றன. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றுக் கரையே ஒரு வாரம் ஊராகிறது. தண்ணீர், விளக்கு, கழிப்பறை, காவல் எல்லாம் வருகின்றன. அவர்களிடம் யாரும் முகவரி கேட்பதில்லை. அறுப்புக்கு வந்த குடும்பம் அதே கரையில் படுத்தால் மட்டும் அது ஆக்கிரமிப்பு.

முடிவுரை

2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் படுப்பவருக்கு அபராதம் விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு எழுந்த கிராண்ட்ஸ் பாஸ், சின்னமனூரைவிடச் சிறிய ஊர். பின்லாந்தோ 2008இலிருந்து, முதலில் வீட்டைக் கொடுத்து மற்றதைப் பிறகு பார்க்கும் வழியில் போனது. கம்பம் பள்ளத்தாக்கின் அனுபவம் இவ்விரண்டிலும் சேராது. இங்கே அரசு அபராதமும் விதித்தது, பட்டாவும் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, ஆள் அங்கேயே இருக்க வேண்டும்.

ரேகைப் பதிவேடு, பி மெமோ, கணக்கெடுப்பு இரவு, லட்சத்துக்கு ஒரு காப்பகம் ஆகிய நான்கும் வெவ்வேறு நோக்கில் பிறந்தவை. சிலவற்றை ஒடுக்குமுறை என்றும் சிலவற்றை நலம் என்றும் பிரிப்பதில் தவறில்லை. ஆயினும் நான்கும் தவறவிட்டது மலைக்கும் வயலுக்கும் இடையே ஓடும் ஒரே மனிதரைத்தான். மக்கள்தொகைக்குப் பதிலாக ஜீப்புகளையும் அறுப்புப் பருவத்தையும் அளவாக வைத்தால் காப்பகம் எங்கே வேண்டும் என்பது தெரிந்துவிடும்: கம்பத்திலும் போடியிலும் தேவாரத்திலும், விடியுமுன் ஜீப் நிற்கும் தெருவுக்குப் பக்கத்தில். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் வரும் குழாயும் விளக்கும் அங்கே நிரந்தரமாக வரலாம். லயத்திலிருந்து இறங்கும் முதியவருக்கான வீட்டுமனைப் பட்டா, வேலை நிற்கும் நாளுக்கு முன்பே அடிவாரத்தில் அவருக்காகக் காத்திருக்கலாம்.