நரம்பு உறையை உருவாக்கும் செல்களும் மரபணுக்களும்

மையலின் உறை என்றால் என்ன?
கை, கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் பலவற்றைச் சுற்றி, கொழுப்பும் புரதமும் கலந்த மையலின் உறை அமைந்துள்ளது. நரம்புச் செய்திகள் விரைவாகச் செல்ல இவ்வுறை உதவுகிறது. புற நரம்புகளில் இதனை ஷ்வான் செல்கள் உருவாக்குகின்றன.

மரபணுக்களின் பங்கு
ஷ்வான் செல்கள் கருவில் தோன்றிப் படிப்படியாக முதிர்ச்சியடைகின்றன. இதற்குத் தொடக்கம் முதலே சாக்ஸ்10 என்னும் மரபணு தேவைப்படுகிறது. உறை அமைப்பதற்கான சமிக்ஞையை, நரம்பிழையின் மேற்பரப்பிலுள்ள நியூரெகுலின் என்னும் புரதம் அளிக்கிறது. அதன்பின் ஈஜிஆர்2 மரபணு செயல்பட்டு, உறைக்கான புரதங்களை உருவாக்கும் எம்பிஇசட், பிஎம்பி22 முதலிய மரபணுக்களை இயக்குகிறது.

அளவு மாறினால் என்ன நேரும்?
பிஎம்பி22 மரபணு இயல்பாக இரண்டு படிகளாக இருக்கும். 17ஆம் குரோமோசோமில் அப்பகுதி இரட்டித்து மூன்று படிகளானால், சார்கோ-மேரி-டூத் நோயின் 1ஏ வகை உண்டாகிறது. இந்நோய் 1886ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மாறாக, ஒரு படி இழக்கப்பட்டால், சிறிதளவு அழுத்தத்திற்கே நரம்புகள் பாதிக்கப்பட்டு, கை அல்லது கால் தற்காலிகமாக மரத்துப்போகும் அல்லது வலுவிழக்கும் வேறொரு நோய் ஏற்படுகிறது.

1ஏ வகையின் அறிகுறிகள்
• அடிக்கடி தடுக்கி விழுதல், கணுக்கால் பிசகுதல்
• பாத வளைவு உயர்தல், கால்விரல்கள் மடங்குதல்
• பாதங்களில் உணர்ச்சி குறைதல்
• நாளடைவில் கைவிரல்கள் வலுவிழத்தல்

குழந்தைகளுக்கு வருமா?
பெற்றோரில் ஒருவருக்கு 1ஏ வகை இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை. ஒரே குடும்பத்திலும் நோயின் கடுமை ஆளுக்கு ஆள் மாறுபடும். குடும்பத்தில் எவருக்கும் இல்லாத நிலையில் புதிதாகவும் தோன்றலாம். தாயின் உணவோ கர்ப்பகாலச் செயல்களோ இதற்குக் காரணமல்ல. எனவே எவரையும் குறைகூற வேண்டியதில்லை.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் செய்ய வேண்டியவை
• இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து தற்போது இல்லை. எனினும் இயன்முறைப் பயிற்சியும் கணுக்கால் தாங்கிகளும் நடமாட்டத்தைப் பேண உதவும்.
• பாதங்களில் புண், கொப்புளம் உள்ளனவா என நாள்தோறும் பார்க்கவும்.
• எந்தச் சிகிச்சைக்குச் சென்றாலும் இந்நோய் இருப்பதை மருத்துவரிடம் கூறவும். புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்து நரம்புப் பாதிப்பைக் கடுமையாக்கக்கூடும்.
• குழந்தைப்பேற்றைத் திட்டமிடுவோர் முன்னதாகவே மரபணு ஆலோசனை பெறவும்.