இங்கிலாந்தின் சாலைக் கண்காணிப்பாளர்: ஊதியமும் செலவு ஈடும் (1555–1894)

முன்னுரை

உள்ளூர்ச் சாலைகளைப் பேணியோர்க்கு யார், எவ்வாறு பணம் அளித்தனர் என்பது ஆட்சியியல் வரலாற்றில் சிறு வினாவாகத் தோன்றலாம். எனினும், குடிகளின் கடமையாக இருந்த உள்ளாட்சி, சம்பள அலுவலர்களின் பணியாக மாறிய போக்கை அவ்வினாவின் வழியே தெளிவாகக் காண இயலும். இங்கிலாந்தின் சாலைக் கண்காணிப்பாளர் பதவியை முன்வைத்து இக்கட்டுரை அம்மாற்றத்தை ஆராய்கிறது.

ஊதியமற்ற பதவி

1555ஆம் ஆண்டுச் சட்டம், பாரிஷ் எனப்படும் ஒவ்வொரு திருச்சபைப் பங்கும் ஆண்டுதோறும் இரு கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என விதித்தது. ஊரார் ஆண்டுக்கு 4 நாள் கூலியின்றிச் சாலைப் பணி செய்ய வேண்டும். 1563இல் இது 6 நாளாக உயர்ந்தது. வேலை வாங்கும் கண்காணிப்பாளருக்கும் ஊதியம் இல்லை. பதவியை ஏற்க மறுத்தால் 20 ஷில்லிங் தண்டம் உண்டு. 1691ஆம் ஆண்டுச் சட்டம் நியமன அதிகாரத்தை அமைதி நீதிபதிகளிடம் அளித்ததுடன், பதவிக்குச் சொத்துத் தகுதியையும் வரையறுத்தது. உழைப்பையும் நேரத்தையும் கைம்மாறின்றி அளிக்கத்தக்க வசதியுடையோரையே சட்டம் எதிர்பார்த்தது என்பது இதனால் புலனாகிறது.

செலவு ஈடு

ஊதியம் இல்லை என்பதனால் செலவு இல்லை என்றாகாது. சாலைக்கு வேண்டிய பொருள்கள் ஊரில் போதிய அளவு கிடைக்காதபோது கண்காணிப்பாளர் தம் கைப்பணத்தைக் கொண்டு வாங்க நேர்ந்தது. அவ்வாறு செலவிட்ட தொகையை நீதிபதிகள் ஒப்பிய வரியிலிருந்து அவர் திரும்பப் பெறலாம் என 1765இல் பிளாக்ஸ்டோன் தம் சட்ட விளக்க நூலில் பதிவு செய்கிறார். ஊராரின் உழைப்பு போதாதபோது பவுனுக்கு 6 பென்ஸ் வரை வரி விதிக்கலாம். அதன் செலவுக்கு ஆணையிட்டுக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பொருளுக்கு ஈடு உண்டு. உழைப்புக்கு ஈடு இல்லை என்பதே அன்றைய கோட்பாடு.

ஊதியத்தின் வருகை

1773ஆம் ஆண்டுச் சட்டம் கண்காணிப்பாளருக்குச் சம்பளம் வழங்க இடமளித்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பை ஒழித்துச் சாலைப் பணி முழுவதையும் வரிப்பணத்தின்மேல் நிறுத்தியது. ஊராரை ஏவி வேலை வாங்குவதினும் பணத்தை ஆள்வதும், கூலியாட்களை அமர்த்துவதும், கணக்கு ஒப்புவிப்பதும் முதன்மையாயின. ஆகவே திறனும் பட்டறிவும் உடையவரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் உரிமை பங்கு மன்றத்துக்கு வழங்கப்பட்டது.

1862ஆம் ஆண்டுச் சட்டம், பல பங்குகளை இணைத்துச் சாலை வட்டங்களை அமைக்கும் அதிகாரத்தை நீதிபதிகளுக்கு அளித்தது. வட்ட வாரியத்தின் எழுத்தரும் கண்காணிப்பாளரும் சம்பள அலுவலராயினர். இவ்விணைப்பைத் தவிர்க்கச் சிற்றூர்கள் பல, 1858ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தைத் தழுவித் தனி உள்ளூர் வாரியங்களாயின. 1863இல் 3,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அவ்வழி அடைக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப்புறச் சாலைகளை ஊரக மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைக்க வழிசெய்தது.

முடிவுரை

செலவு ஈடு முன்னரும் ஊதியம் பின்னரும் வந்தமை தற்செயலன்று. கடமை உழைப்பாக இருந்தவரை அதனை மேற்பார்த்தவரும் கடமையாளராகவே கருதப்பட்டார். அது வரியாக மாறியபின் அவர் பொறுப்புக் கூறும் அலுவலரானார். ஊதியமற்ற காலத்திலும் சாலைக்கான விலையை ஒருவர் கொடுத்தே வந்தார். 1835க்குப் பின்னர் அவ்விலை கணக்கேட்டில் இடம்பெற்றது. சிற்றூர்களின் எதிர்ப்பை ஊர்த் தன்னாட்சி பற்றிய கவலையாக மட்டுமன்றி, அவ்விலையை யார் சுமப்பது என்னும் வழக்காகவும் காண்பது பொருந்தும்.